முதுகோடு முதுகு

அசைக்கக் கூடாது என்று நர்சு சொல்லிவிட்டுப் போயிருந்தாள், அதனால் தவசிமுத்து அசைக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் நின்றவருக்கு ஒரு காரியத்தை ஒப்புக்கொண்டால் அதைக் கட்டுப்பாட்டோடு செய்யத் தெரியும். அவருடைய வலது கையில் அவருடைய போன். அதன் முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு போன். அதைப் பிடித்திருந்தது தொம்மைராஜின் இடது கை, எந்தக் கையை இனித் தொடுவதில்லை என்று அவர் நாற்பத்தோரு வருஷமாக வைராக்கியமாக இருந்தாரோ அந்தக் கை. இரண்டு பேருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும் வரை மூடிக்கொண்டு இருங்கள் என்று கண் ஆஸ்பத்திரியின் நீள பெஞ்சில் உட்கார்த்தியிருந்தார்கள். திறந்து பார்த்தாலும் எல்லாம் வெள்ளையாகக் குழம்பித் தெரிந்தது, உச்சி வெயிலில் உப்பு விளைந்த பாத்தியைப் பார்க்கிற மாதிரி. போனில் என்ன ஓடுகிறது, எவ்வளவு வந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. தெரியாதவரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லாம் அவனால் வந்தது. அவன் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். காலி இடம் தடவி உட்கார்ந்தபோதே பக்கத்தில் இருப்பது யார் என்று இருமலை வைத்து இவர் கண்டுகொண்டார். எழுந்து போகலாம் என்று நினைத்தார். எழுந்தால் அவனுக்குப் பயந்து எழுந்ததாக ஆகும் என்று உட்கார்ந்தே இருந்தார். பத்து நிமிஷம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தார்கள், கண் மூடியிருந்ததால் அதில் சிரமம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவன்தான் ஆரம்பித்தான். "வே தவசி, அந்தக் கூட்டத்து டேப்பு கிடைச்சிட்டு." "எந்தக் கூட்டம்?" என்று கேட்டார், எந்தக் கூட்டம் என்று தெரிந்தே. "எந்தக் கூட்டமா? உமக்குப் பேரு வாங்கிக் குடுத்த கூட்டம்."

அந்தப் பெயரை நினைத்தாலே இன்றைக்கும் காது சூடாகிறது. வாபஸ் தவசி. எண்பத்து நாலில் உப்பளத்தில் வேலைநிறுத்தம். குடிக்கத் தண்ணீர் வேண்டும், காலுக்கு பூட்ஸ் வேண்டும், கூலி உயர வேண்டும் என்று முப்பத்தெட்டு நாள் ஒரு பாத்தியிலும் ஆள் இறங்கவில்லை. முப்பத்தெட்டாம் நாள் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் திடலில் பொதுக்கூட்டம். கூட்டம் முடிந்தபோது போராட்டம் வாபஸ். கிடைத்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. யார் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னது என்பதில்தான் சங்கம் இரண்டாக உடைந்தது. தவசிமுத்துதான் என்றது தொம்மைராஜ் கோஷ்டி, சுண்ணாம்புச் சுவர் கண்ட இடமெல்லாம் எழுதியது. தொம்மைராஜ்தான் என்று இவர் பன்னிரண்டு நோட்டீஸ் போட்டார், ஒவ்வொன்றிலும் அவனுக்கு ஒரு புதுப் பட்டம் சூட்டினார். மகள் கல்யாணத்தில்கூட எவனோ ஒருவன் மாலையைப் போட்டுவிட்டு, "கல்யாணத்தையாவது வாபஸ் வாங்கிராதீரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனான். அந்தக் கல்யாணப் பத்திரிகையை இவர்தான் எழுதியிருந்தார், திரண்டு வாரீர் என்று முடித்திருந்தார். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, மிச்சப் படிப்பெல்லாம் துண்டறிக்கையில். அறிக்கைத் தமிழ் தவிர வேறு தமிழ் அவருக்கு எழுத வராது. அந்தத் திடலில் மைக்செட் போட்டவன் செல்வின். பேச்சையெல்லாம் டேப்பில் பிடித்து வைப்பான். அவன் செத்து, பிள்ளைகள் பரணைக் காலி பண்ணியபோது டேப்புப் பெட்டி தொம்மைராஜ் கைக்குப் போய், அவன் மகள் அதைப் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். "கேட்டீரா?" "கேட்டேன்." "என்ன இருக்கு?" "நீரே கேளும். நான் சொன்னா பதிமூணாவது நோட்டீஸ் போட்டு மறுப்பீரு."

கேட்பதா வேண்டாமா என்று யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது. அதற்குள் அந்த வழியாக நர்சு வந்துவிட்டாள். பிரிஸ்கா என்று பெயர். சொட்டு விட்டபோதே நிரந்தரமா காண்டிராக்டா என்று இவர் விசாரித்திருந்தார், காண்டிராக்ட் தாத்தா என்று அவள் சொன்னதும், எத்தனை பேர் இப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தார், அவள் அடுத்த கண்ணுக்குப் போய்விட்டாள். இப்போது தொம்மைராஜ் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். "வாட்சப்ல அனுப்பிருங்களேன், நம்பர் சொல்லுங்க" என்றாள். "நம்பர் வேண்டாம்" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். எண்பத்து நாலுக்கு அப்புறம் இரண்டு பேரும் ஏகமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. அவள் சிரித்தாள். "அப்ப தொட்டுக்கிட்டா போதும் தாத்தா. ரெண்டு போனையும் முதுகோட முதுகு ஒட்ட வைங்க. நம்பரே தேவையில்ல. அசைக்காதீங்க, நான் ஏத்தி விடுதேன்." இரண்டு திரையிலும் எதையோ தட்டினாள், ஒரு சின்ன அதிர்வு உள்ளங்கையில் ஏறியது, உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். தொட்டால் போதுமாம். தொடாதே என்று சொல்வதற்குத் தனி டம்ளர் வைத்திருந்த ஊர் இது. அந்த டம்ளரை ஒழித்துக்கட்ட அவரும் அவனும் சேர்ந்துதான் டீக்கடை டீக்கடையாக ஏறினார்கள். இப்போது நாலு விரற்கடை கண்ணாடித் துண்டு சொல்கிறது, தொடு, தொட்டால்தான் கொடுப்பேன் என்று. இது முதலிலேயே வந்திருந்தால் எவ்வளவு நோட்டீஸ் மிச்சம்.

மூக்கு அரித்தது. இடது கை சும்மாதான் இருந்தது, ஆனால் இடது கையைத் தூக்கினால் தோள் அசையும், தோள் அசைந்தால் வலது கை அசையும், வலது கை அசைந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. அரிப்பைப் பொறுத்துக்கொண்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்தார். உப்பளத்தில் கிணற்று உப்புத் தண்ணீரை முதல் பாத்தியில் விட்டு, அது காய்ந்து கனத்ததும் காலால் மடையைத் தட்டி அடுத்த பாத்திக்கு விடுவார்களே, அந்த மாதிரி அவன் போனிலிருந்து இவர் போனுக்கு அந்தச் சாயங்காலம் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். செல்வினின் மைக் ஊளையிடுவது, யாரோ இருமுவது, கைதட்டல், எல்லாம். மடை விலகினால் வரப்பில் கொட்டும். போன் விலகினால் ஆஸ்பத்திரித் தரையில் பாதிப் பேச்சு கொட்டிப் போகும், மிச்சப் பாதி மட்டும் வந்து சேரும். எந்தப் பாதி வரும்? வாபஸ் வாங்கினால் நாம் மனிதர்களே இல்லை என்று அவர் முழங்கியிருந்து, அதில் முதல் வார்த்தை மட்டும் வந்து சேர்ந்தால் கதை முடிந்தது, சாகிற வரைக்கும் அதைப் போட்டுக் காட்டுவான். நினைக்கும்போதே போனை இன்னும் அழுத்திப் பிடித்தார். அந்தப் பக்கமிருந்து அவனும் அழுத்தினான். அவன் சுண்டு விரல் இவர் சுண்டு விரல்மேல் கிடந்தது, ஜில்லென்று, லேசாக நடுங்கிக்கொண்டு. "ஏன்வே நடுங்குது?" "சுகர்." "ஒழுங்கா புடியும். பாதியில விட்டுறப் போறீரு." "பாதியில விடுதது எனக்குப் பழக்கமில்ல. ஆரு பழக்கம்னு ஊருக்குத் தெரியும்." "சவத்த, வாய மூடும்." வாயை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர் பெஞ்சில் கண் மூடியிருந்த யாரோ ஒரு அம்மாள் களுக்கென்று சிரித்தாள்.

இந்தக் கையை இதற்கு முன்னால் பிடித்திருக்கிறார். எண்பத்திரண்டில் திருச்செந்தூர் ரோட்டில் மனிதச் சங்கிலி, பக்கத்து ஆள் இவன்தான். போலீஸ் வேன் வந்து ஹாரன் அடித்து நெஞ்சுக்கு நேராக நின்றபோதும் விடவில்லை, யார் முதலில் விடுகிறானோ அவன் வெட்கங்கெட்டவன் என்று பேச்சு. உப்பை இழுத்துக் குவிக்கிற வாருபலகை பிடித்துக் காய்த்த கை, வெடிப்புக்குள் உப்பு இறங்கி எரிந்து எரிந்து மரக்கட்டையாகிப்போன கை. அன்றைக்கு அது கட்டை மாதிரி இருந்தது. இப்போது துவண்டுபோன முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. என் கை அவனுக்கு எப்படி இருக்கும்? இதே மாதிரிதான் இருக்கும். இதை நினைத்திருக்கக் கூடாது. இரக்கம் வந்தால் அறிக்கை நீர்த்துப்போகும். சரி, இருக்கட்டும், வரப்போவதைப் பற்றி யோசிப்போம். டேப்பில் அந்தச் சொல் அவன் குரலில் வந்தால் என்ன முகம் வைப்பது? பெருந்தன்மையான முகம், காலம் தீர்ப்பளித்துவிட்டது தொம்மை, எனக்கு உன்மேல் வருத்தம் இல்லை. அதைச் சொல்லும்போது கண் மூடியிருப்பதும் நல்லதுதான். என் குரலில் வந்தால்? டேப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். இப்போதெல்லாம் யார் குரலையும் யார் வாயிலும் வைக்கிறார்களாமே. சொல்லலாம். ஆனால் தனக்குத் தெரிந்துவிடுமே. அதுதான் பயம், ஊர் இல்லை. ஊர் நாற்பத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, ஊரைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஏனென்றால் அவருக்கு ஞாபகம் இல்லை. இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை, கட்சி வகுப்பில் சுயவிமர்சனம் செய்யச் சொன்னபோதும் சொன்னதில்லை. முதல் நோட்டீஸ் எழுதியபோது ஞாபகம் இருந்தது, அல்லது இருக்கிறது என்று நினைத்தார். நாலாவது நோட்டீஸ் எழுதும்போது மூன்றாவதைப் பார்த்து எழுதினார். அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் முந்தினதுதான் சாட்சி. கூட்டத்தை நினைத்தால் முதலில் வருவது செல்வினின் மைக்கிலிருந்து வந்த துருவாடை. மேடை என்று போட்ட மாட்டுவண்டி. மேற்கே கறுத்திருந்த வானம், மழை வந்தால் உப்பு கரையும், முதலாளி இறங்கி வருவான், இன்னும் ரெண்டே நாள் பொறுங்கள் என்று இவர் பேசிக்கொண்டிருக்கிறார். அப்புறம் தூறல். பெண்கள் எழுந்து போகிறார்கள், தூறலுக்குப் பயந்து. எதிரே பாதித் திடல் காலி. தொம்மை மைக்கைப் பிடுங்குகிறானா, இவர் கொடுக்கிறாரா? இங்கேதான் எப்போதும் சிக்கும். ஒரு நாள் நினைத்தால் அவன் பிடுங்கி அந்தச் சொல்லைச் சொல்வான். இன்னொரு நாள் சொல் தன் நாக்கில் கிடக்கும், நுனியில், உப்புக்கல் மாதிரி, வெளியே விழுந்ததா முழுங்கினாரா தெரியாது. மறுபடி தொடக்கத்திலிருந்து போவார். துருவாடை, மாட்டுவண்டி, கறுத்த வானம், தூறல், பெண்கள் எழுந்து போகிறார்கள், மைக். மைக் வந்ததும் நின்றுவிடும். குளிக்கும்போது நினைத்திருக்கிறார், பஸ்ஸில் நினைத்திருக்கிறார், மகள் வாங்கிக் கொடுத்த இந்தப் போனில் ஜோக் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது நினைத்திருக்கிறார். இப்போது நிஜமான மைக் இந்த உள்ளங்கைச் சூட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது, போன் சுடுகிறதே, சுட்டால் வருகிறது என்று அர்த்தம்தானே, எந்த இடம் வந்திருக்கும், தூறலா, மைக்கா. விட்டுவிட்டால் என்ன? கொஞ்சம் விரலைத் தளர்த்தினால் போதும். கை வழுக்கிவிட்டது, வயதாகிவிட்டது, யாரும் குறை சொல்ல முடியாது. மடை உடைந்து எல்லாம் தரையில் போகும். விரலைத் தளர்த்தினார். தளரவில்லை. அன்றைக்கு வேன் ஹாரன் அடித்தபோது எப்படிப் பிடித்ததோ அப்படிப் பிடித்திருந்தது அந்தப் பாழாய்ப்போன விரல், சொந்தக்காரன் சொல்லைக் கேட்காமல்.

"டோக்கன் தொண்ணூத்தி மூணு!" அது இவருடைய டோக்கன். இவர் போனை இன்னும் இறுக்கினார். "தொண்ணூத்தி மூணு, தவசிமுத்து!" "உம்மத்தான் கூப்பிடுதாவ" என்றான் தொம்மைராஜ். "காது கேக்குது." "போம்." "நான் போனா நீரும் வரணும். விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கால்ல." "எனக்குத் தொண்ணூத்தி ஏழு." "அப்ப தொண்ணூத்தி ஏழுக்கு ரெண்டு பேரும் சேந்து போவோம்." எதிர் பெஞ்சு அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னத்தய்யா அப்படிப் புடிச்சிருக்கிய, ரெண்டு பேரும்?" "அது ஒரு டேப்பும்மா" என்றார் தவசிமுத்து, கூட்டத்துக்கு விளக்கம் கொடுக்கிற குரலில். "இவுக போன்ல இருந்து என் போனுக்கு வந்துக்கிட்டு இருக்கு." தொண்ணூற்று நாலைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு பிரிஸ்கா வேகமாக வந்தாள். "தாத்தா, உங்களத்தான கூப்பிட்டேன்? என்ன இன்னும் இப்படியே உக்காந்திருக்கீங்க?" "நீதானம்மா அசைக்கக் கூடாதுன்ன." அவள் அவர் கையிலிருந்து போனை எடுத்தாள், அதாவது எடுக்கப் பார்த்தாள், விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "ஐயோ தாத்தா. இது அப்பவே வந்துட்டு. ஒரு தடவ தொட்டா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடையாளம் கண்டுக்கிடும், அவ்வளவுதான். அதுக்கப்புறம் அது பாட்டுக்குக் காத்துல போயிரும். நீங்க ரெண்டு பேரும் அரைமணி நேரமா சும்மா கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க." பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. தொம்மைராஜ் கையை மடியில் வைத்துக்கொண்டான். தவசிமுத்துவுக்கு உள்ளங்கை குளிர்ந்தது. "போட்டு விடட்டுமா?" என்று அவள் கேட்டாள். இங்கே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றால் பயம் என்று அவன் நினைப்பான். "போடும்மா. எல்லாரும் கேக்கட்டும்."

முதலில் இரைச்சல். அப்புறம் மைக் ஊளை. அப்புறம் ஒரு வாலிபக் குரல், கணீரென்று, கொஞ்சம் கர்வத்தோடு. இது யார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, தான்தான் என்று கண்டுகொண்டார். மழை வந்தால் உப்பு கரையும் தோழர்களே, முதலாளி இறங்கி வருவான், இன்னும் இரண்டே நாள். கைதட்டல் குறைவாக இருந்தது, ஞாபகத்தில் இருந்ததைவிடக் குறைவு. தூறலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். தூறல் வரவில்லை. மைக்குக்கு வெகு தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கத்தவில்லை, பாத்தி வரப்பில் நின்று அடுத்த பாத்தியில் இருப்பவளிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாக: "அண்ணாச்சி, எம்புள்ள மூணு நாளா கருப்பட்டித் தண்ணிதான் குடிக்கான். காலையில நான் பாத்தியில இறங்குதேன். நீங்க பேசிக்கிட்டு இருங்க." சிரிப்புச் சத்தம். தொம்மைராஜின் குரல், பக்கத்திலிருந்து: "ஏ உக்காரும்மா, தலைவரு பேசுதாருல்லா." அப்புறம் மைக்கில் கணீரென்று அதே வாலிபக் குரல்: "தாய்மார்கள் தயவுசெய்து உட்கார வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. கோரிக்கை இருந்தால் எழுதிக் கொடுக்கவும்." பிறகு இரைச்சல்தான். இரைச்சலுக்குள்ளே புடவைகள் சரசரக்கிற ஒலி, கால்கள், நானும் வாரேன்க்கா என்று இன்னொருத்தி, குழந்தை ஒன்று சிணுங்கியது, கால்கள், நிறையக் கால்கள். மழையே இல்லை. வாலிபக் குரல் இன்னும் இரண்டே நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பிரிஸ்கா நிறுத்தியிருந்தாள், அல்லது தொம்மைராஜ் நிறுத்தச் சொல்லியிருந்தான். "இதுக்கப்புறம் நீரு அந்த வார்த்தையச் சொல்லுதீரு" என்றான் அவன், மெதுவாக. "அந்தால நான் ஆமாங்கேன். அந்நேரம் திடல்ல பொம்பளை ஒருத்திகூட கிடையாது." தவசிமுத்து வலிக்கும் என்று காத்திருந்தார். தான்தான் சொன்னது என்று தெரிந்துவிட்டது, அது வந்து இறங்கிவிட்டது, வழியில் ஒரு ஸ்டாப்பிங் மாதிரி கடந்தும் போய்விட்டது. நாற்பத்தோரு வருஷம் தூக்கிச் சுமந்தது இதையா? காட்டிக்கொடுத்தவன் என்றாவது இருந்திருக்கலாம். அதற்கும் ஒரு உயரம் உண்டு. அந்தப் பெண் முடித்துவிட்டுப் போன காரியத்துக்கு, காலித் திடலில், நீயா நானா என்று இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "ஆருவே அந்தப் பொம்பளை?" என்றான் தொம்மைராஜ். "நாலு மாசமா கேட்டுப் பாக்கேன். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. பொம்பளைகளுக்கு நீருதான் சங்கச் சீட்டு எழுதினீரு, உமக்குத் தெரியும்னுதான் வைராக்கியத்த விட்டுட்டுப் பேசினேன்." உலகம்மாளா? உலகம்மாளுக்குக் கட்டைக் குரல். சந்தணமாரி? அவள் அந்த வருஷம் வேலையில் இல்லை. செயற்குழு பதினோரு பேரையும் அப்பா பெயரோடு சொல்லுவார், கலெக்டர் பெயர், டி.எஸ்.பி. பெயர், தடியடி நடந்த தேதி, எல்லாம் நாக்கில் இருக்கிறது. அந்தக் குரலுக்கு ஒரு முகம் வரவில்லை. கண்ணைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று கூசியது, எதிரே நிற்கிற பெண்ணின் முகம்கூடத் தெரியவில்லை. "டாக்டர் காத்துக்கிட்டு இருக்காங்க தாத்தா" என்றாள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து பிரிஸ்கா. "ஒரு நிமிஷம் இரும்மா. மறுபடி ஒரு தடவ போடு."

"எந்த இடம் தாத்தா?"

"அந்தப் பொண்ணு பேசுத இடம்."

"நீங்க உக்காரச் சொல்வீங்களே, அதுதான?"

"அதுக்கு முன்னால" என்றார் தவசிமுத்து.